கூடத்தில் சமையல் நிகழ்ச்சி, அடுக்களையில் யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நாட்காட்டியில் மட்டுமே உறுதியான விடுமுறை. உருக்காலையின் உலையை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட முடியாது. அதனால் காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி என மூன்று ஷிப்டுகள் மாறி மாறி ஓடுகின்றன. வார விடுப்பும் ஆளுக்கொரு கிழமையில் வருகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஷிப்டுகளில் வேலை பார்ப்பவன் நான். என் பிள்ளைகளின் சிறு வயதில், நான் விழித்திருந்த நேரத்தில் அவர்கள் உறங்கினார்கள். அவர்கள் விளையாடிய நேரத்தில் நான் சன்னலை மூடிவிட்டு உறங்கினேன்.

அம்மா, மனைவி, மகன், மகள், நான் என ஐந்து பேரும் ஒன்றாக உட்காரும் நேரம் வாரத்தில் சில மணி நேரம்தான். அந்த நேரத்தைச் சில ஆண்டுகளாக எங்களுக்குத் தந்துவருவது தொலைக்காட்சியின் சமையல் நிகழ்ச்சி. சனி, ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பாகும்போது நான் ஆலையில் இருந்தால், “அப்பா வரட்டும்” என்று பிள்ளைகள் பார்க்காமல் காத்திருப்பார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ செயலியில் எடுத்து ஓடவிட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். முடிவு என்ன என்பதை முன்பே தெரிந்துகொண்டு வந்து சொல்லிவிடுபவருக்கு எங்கள் வீட்டில் மன்னிப்பே கிடையாது.

செய்தி பார்த்தால் அரசியல் சண்டை வருகிறது. தொடர்கள் அம்மாவுக்கு மட்டும். கிரிக்கெட் மகனுக்கு மட்டும். சமையல் நிகழ்ச்சி மட்டும் எப்படி எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் காத்திருப்பதைக் கண்டேன்.

பாடத்திலிருந்து போட்டிக்கு

சமையலைத் திரையில் காட்டுவது தொலைக்காட்சி அளவுக்கே பழையது. லண்டனில் பிபிசி தொலைக்காட்சி தொடங்கிய சில மாதங்களிலேயே, 1937இல், மார்செல் பூலெஸ்தான் என்ற சமையற்கலைஞர் கேமராவின் முன் சமைத்துக் காட்டினார். அமெரிக்காவில் 1963இல் தொடங்கிய ஜூலியா சைல்டின் ‘தி பிரெஞ்ச் செஃப்’ நிகழ்ச்சி, சமையல் தெரிந்தவரின் தடுமாற்றத்தையும் மறைக்காமல் காட்டியதால் புகழ்பெற்றது. இந்தியாவில் 1993இல் ஜீ தொலைக்காட்சியில் தொடங்கிய சஞ்சீவ் கபூரின் ‘கானா கசானா’ வீட்டுப் பெண்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது.

தமிழில் இந்தப் பாட மரபு அச்சில் வேரூன்றியது. எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலின் முதல் தொகுதி 1951இல் வெளிவந்தது. கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தொலைவில் தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு மாமியாரின் இடத்தில் நின்று அளவு சொன்ன நூல் அது. தனியார் தொலைக்காட்சிகள் வந்த பிறகு, கவிஞர் கண்ணதாசனின் மகளான ரேவதி சண்முகம், செஃப் தாமு, ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியின் செஃப் ஜேக்கப் போன்றோர் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்கள் சொல்வதை வேகமாகக் குறித்துக்கொள்ள, அம்மா பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்து வைத்திருப்பார். அப்போது அது அம்மாவின் நிகழ்ச்சி. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது போட்டி வடிவம். பிபிசி 1990இல் தொடங்கிய ‘மாஸ்டர் செஃப்’ நிகழ்ச்சி, 2009இல் ஆஸ்திரேலியாவில் புதிய வடிவம் பெற்று உலகம் முழுவதும் பரவியது. 2010இல் இந்தியிலும், 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் தொலைக்காட்சியில் தமிழிலும் வந்தது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், விஜய் தொலைக்காட்சி ‘குக்கு வித் கோமாளி’யைத் தொடங்கியிருந்தது. ஓரளவு சமைக்கத் தெரிந்த ஒருவரோடு, சமையலே தெரியாத நகைச்சுவைக் கலைஞர் ஒருவரை உதவியாளராகக் கோத்துவிடுவதுதான் அதன் அடிப்படை. நடுவர்களாகத் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் அமர்ந்தார்கள்.

வாசனை இல்லாத விருந்து

உணவின் முதன்மையான இரண்டு குணங்களான வாசனையையும் சுவையையும் தொலைக்காட்சியால் தர முடியாது. அந்தக் குறையை மூன்று வழிகளில் இந்நிகழ்ச்சிகள் ஈடுகட்டுகின்றன. முதலாவது, கடிகாரம். வீட்டில் குழம்பு ஐந்து நிமிடம் தாமதமானால் அது செய்தியே இல்லை. திரையில் கடைசி ஐந்து நிமிடம் கிரிக்கெட்டின் கடைசி ஓவராகிவிடுகிறது. இரண்டாவது, தடை. போட்டியாளர் வாயால் சொல்ல, கோமாளி கையால் செய்ய வேண்டிய சுற்றுகளில், ‘பொன்னிறமாக’, ‘கைப்பதமாக’, ‘கண்ணளவாக’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொற்களுக்குள் எவ்வளவு பட்டறிவு ஒளிந்திருக்கிறது என்பது வெளிப்படுகிறது. கடுகு வெடிப்பது எந்தக் கணம் என்று தெரியாதவருக்கு, தாளிப்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

மூன்றாவது, நடுவரின் சொல். நமக்காக அவர் ருசிக்கிறார். நாம் அவர் முகத்தைப் பார்க்கிறோம். ‘நன்றாக இருக்கிறது’ என்று அவர் நிறுத்திக்கொள்வதில்லை. புளிப்பு முன்னால் வருகிறது, மிளகின் காரம் தொண்டையில் நிற்கிறது, மசாலாவின் பச்சை வாசனை போகவில்லை என்று பிரித்துச் சொல்கிறார். நம் குடும்பங்களில் சாப்பாட்டைப் பாராட்டும் வழக்கம் குறைவு. குறை இருந்தால் சொல்வோம். நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்போம். அந்த இன்னொரு கரண்டியே பாராட்டு என்று சமைத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்நிகழ்ச்சிகள் சாப்பாட்டைப் பற்றி நிதானமாகப் பேசும் ஒரு மொழியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தன.

குடும்பம் சேர்ந்து பார்ப்பதற்குத் தோதான வேறு சில கூறுகளும் அவற்றில் உண்டு. பிள்ளைகள் கோமாளிகளைப் பார்க்கிறார்கள். அம்மா செய்முறையைப் பார்க்கிறார். நான் யார் வெளியேறுவார் என்று பார்க்கிறேன். கருத்துச் சொல்ல யாருக்கும் தகுதிச் சான்று தேவையில்லை, ஏனெனில் தினமும் சாப்பிடும் எல்லோரும் சாப்பாட்டில் வல்லுநர்களே. தோற்றவர்கூடச் சிரித்துக்கொண்டே போகிறார். 2020 நவம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலில் நிறைவடைந்த இரண்டாம் பருவம், பெருந்தொற்றுக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பருவத்தில் கனி முதலிடம் பெற்றார். ஒருகாலத்தில் குடும்பத்தோடு பேசவே தயங்கும் பெயராக இருந்த நடிகை ஷகீலா, இரண்டாமிடம் வரை வந்தார். எங்கள் வீட்டில் என் அம்மா அவருக்காக வேண்டிக்கொண்டார் என்று சொன்னால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கலாம்.

ஒரு தட்டும் ஒரு மறுமொழியும்

இனி, அந்த இரண்டாவது கேள்வி. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கூடத்தில் இருக்கிறது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர். அடுப்படியில் நிற்பவருக்கு ஒலி கேட்கும், படம் தெரியாது. ஒருநாள் இரவு, நிகழ்ச்சி பார்த்த உற்சாகத்தில், மனைவி கொண்டுவந்து வைத்த காரக்குழம்பை நடுவர் தோரணையில் மதிப்பிட்டேன். நிறம் அருமை, புளியும் காரமும் சமநிலையில் இருக்கின்றன, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல் என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். “நடுவர் ஐயா, தட்டைக் கழுவி வச்சிட்டு வந்து மார்க் போடுங்க” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். பிறகு, அன்றைய நிகழ்ச்சியில் யார் வென்றது என்று அவள் மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

சேர்ந்து பார்ப்பதாக நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்த நிகழ்ச்சியை, எங்கள் வீட்டில் நாள்தோறும் சமைப்பவள் முழுதாகப் பார்த்ததில்லை. தோசை வார்க்கும் இடைவெளியில் வாசற்படியில் வந்து நிற்பாள். விளம்பரம் வரும்போது உள்ளே போவாள். சமையல் போட்டியை நாங்கள் நால்வரும் பார்த்தோம், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இது எங்கள் வீட்டின் தனிக்கதை அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்டார்கள். ஆண்களில் அந்த அளவு 26.1 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டார்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகச் சிறிது குறைந்தது. ஆண்களின் நேரமோ உயரவில்லை. 88 நிமிடங்களாக அதுவும் குறைந்தது. தொலைக்காட்சியில் ஆண்கள் ஏப்ரன் கட்டி நின்ற இந்த ஐந்தாண்டுகளில், வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு கூடவில்லை என்பதே இதன் பொருள்.

அரசின் கண்ணில் பட்ட அடுக்களை

கூடத்துக்கும் அடுக்களைக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தமிழகத்தின் நலத்திட்ட வரலாற்றிலும் காணலாம். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் மூலம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகள் கழித்து, 2011இல் அதே செப்டம்பர் 15 அன்று, எங்கள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. முதல் திட்டம் கூடத்துக்கு வந்தது. இரண்டாவது திட்டம் அடுக்களைக்குள் போனது. அதனால் அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் எடுத்துக்கொண்ட நேரம் மிச்சமானது. ஆனால், கருவி மாறியதே தவிர, அதை இயக்கும் கை மாறவில்லை.

அடுத்த கட்டத்தில், அரசு அந்த உழைப்பையே பார்க்கத் தொடங்கியது. 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பிள்ளைகளின் பசியைப் போக்குவதே அதன் நோக்கம். அதோடு, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாயின் ஒரு வேளைச் சமையலையும் அது குறைக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே முன்வைக்கப்பட்டது. உழைப்பு என்று அரசு ஒப்புக்கொண்டதை, அதன் பலனை நாள்தோறும் உண்ணும் நாம் ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறோம்?

ஆண்களுக்குச் சமையல் வராது என்ற சமாதானம் எங்கள் ஊரில் எடுபடாது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள், ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர் மாவு பிசைவார். பிற்பகல் ஷிப்டுக்குப் போகிறவர் பருப்பை வேகவைப்பார். மற்றொருவர் பாத்திரம் தேய்ப்பார். முறை வைத்துச் செய்கிறார்கள். என்னைப் போலவே உலைக்கருகில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள்தான் அவர்களும். செய்துதர வேறு ஆள் இல்லாத இடத்தில் ஆண்களுக்குச் சமையல் தானாக வந்துவிடுகிறது.

நிகழ்ச்சிகளிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மேடையில் காய்கள் அலசி அடுக்கப்பட்டிருக்கின்றன. சமைத்து முடித்ததும் காட்சி நடுவரின் மேசைக்குத் தாவுகிறது. மண்ணோடு வரும் கீரையை ஆய்வதும், பழவேற்காட்டு இறாலை உட்கார்ந்து உரிப்பதும், எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியைத் தேய்ப்பதும் திரையில் இல்லை. மாதக் கடைசியில் இருக்கும் பொருளைக் கொண்டு சமாளிப்பதும் இல்லை. சமையலில் பாதி இவைதான். கோமாளிகள் மேடையைத் தாங்களே துடைத்து, பாத்திரம் கழுவி முடித்தால்தான் மதிப்பெண் என்று ஒரு சுற்று வைத்தால், சிரிப்புக்கும் குறைவிருக்காது. பார்க்கும் பிள்ளைகளுக்குச் சமையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரியும்.

சேர்ந்து பார்ப்பதைக் காப்பாற்ற

இதைச் சொல்வதால், அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குடும்பம் ஒரே திரையின் முன் அமர்வதே இன்று அரிதாகிவருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. திறந்தவெளியில் ஆண்களே சேர்ந்து சமைத்துப் பரிமாறும் அதைப் பார்ப்பது இன்பம்தான். ஆனால், அவரவர் கைப்பேசியில், அவரவர் மூலையில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு பார்க்கும்போது, “இதில் கொஞ்சம் சோம்பு போட்டிருக்கலாம்” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. ஷிப்டு பிரித்துவைத்த குடும்பத்தைக் கைப்பேசியும் பிரித்தால், சேர்ந்து சிரிக்க என்ன மிஞ்சும்?

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. நிகழ்ச்சி பார்க்கும் நாளில், அது தொடங்குவதற்கு முன்பே அடுப்பு அணைந்துவிட வேண்டும். மகனும் நானும் சமைப்போம். மகள் காய் நறுக்குவாள். மறுவாரம் வேலைகள் மாறும். முதல் வாரம் சாதம் குழைந்தது. கோங்குராத் துவையலில் மிளகாய் கூடிப்போய் எல்லோரும் தண்ணீர் குடித்தோம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையா என்று அம்மா கேட்டார். பல வாரங்களாகப் பழகிய பிறகும், கடுகு வெடிக்கும் கணத்தை நான் பாதி நேரம் தவறவிடுகிறேன். பாத்திரம் தேய்க்கும் முறை வரும்போது மகனுக்கு அவசரமாக ஒரு தேர்வு வந்துவிடுகிறது. ஷிப்ட் மாறும் வாரங்களில் இந்த ஏற்பாடு குலைந்தும் போகிறது. மற்ற நாள்களின் சமையலில் பெரும்பகுதி இன்னும் என் மனைவியிடமே இருக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால், அந்த இரண்டு மணி நேரம் அவள் பாயின் நடுவில் உட்கார்ந்து பார்க்கிறாள். எங்கள் எல்லோரையும்விட அவளுக்கே அந்தப் போட்டி நன்றாகப் புரிகிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். எண்ணெய் பிரிவதற்கு முன்பே ஒருவர் தண்ணீர் ஊற்றிவிட்டதைக் கண்டு, “இது பச்சை வாசனை அடிக்கும், பாருங்க” என்றாள். சற்று நேரத்தில் நடுவரும் அதையே சொன்னார்.

இரவு உணவு வேளையில் உங்கள் வீட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருமுறை திரையிலிருந்து பார்வையைத் திருப்பி, கூடத்தில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து சென்று, அவர் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.